இன்ஜினியர் பல்லு

எண்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம் செஞ்சி சாலை அலுவலகத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் அறுபது அலுமினியக் கட்டிகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். முதுகு ஆமை ஓடு மாதிரி மேடாக இருந்தது. இரண்டு பக்கமும் சிவப்புக் கண்ணாடிச் சில்லு, அடியில் விரல் நீளத்துக்கு ஆணி. பெட்டியோடு வந்த சீட்டில் 'ரோடு ஸ்டட், அறுபது' என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் பார்த்து அப்படியே இருப்புப் பதிவேட்டில் ஏற்றியவள் தைலம்மாள்.

தைலம்மாள் தொண்டூர்க்காரி. அவளுடைய நைனா ஊரான் நிலத்தில் கூலிக்குப் போய்த்தான் அவளை பி.ஏ. வரைக்கும் படிக்க வைத்தார். பரீட்சை எழுதி இளநிலை உதவியாளராக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் அவள் ஒருத்திதான் பெண். வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெட் கிளார்க் ராமகிருஷ்ணன் அவளுக்குத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் மேசை போட்டுக் கொடுத்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, மறுநாள் பானையை மட்டும் வேறு அறைக்கு மாற்றிக்கொண்டார். வெயில் காலத்தில் பானை ஜன்னலோரம் இருந்தால் தண்ணீர் சில்லென்று இருக்கும் என்று காரணமும் சொன்னார். அது மார்கழி மாதம்.

உதவிப் பொறியாளர் தனசேகரன் அப்படிப்பட்டவர் இல்லை. எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். வேலையிலும் குற்றம் சொல்ல முடியாது. தான் செய்யும் காரியம் நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்ற ஆசை மட்டும் கொஞ்சம் தூக்கல். திருவண்ணாமலை ரோட்டில் செஞ்சிக் கோட்டை மலைகளான ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே மலையைச் சுற்றி வளைகிற இடத்தில் அந்த வருஷம் மட்டும் மூன்று லாரிகள் புளியமரத்தில் மோதியிருந்தன. ஸ்டட்டுகளை அந்த வளைவில் பதிப்பதென்று முடிவு செய்தார். பதித்ததோடு விட்டிருக்கலாம். திறப்பு விழா வைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் ஒன்றியத் தலைவர் வந்து ரிப்பன் வெட்டினார். கண் திருஷ்டி கழிய வேண்டுமென்று யாரோ பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றிச் சுற்றி நடுரோட்டில் போட்டு உடைத்தார்கள். ஸ்டட்டு மேல் வண்டி ஏறினால் குலுங்குமா என்று ஒரு விவசாயி கேட்டார். "குலுங்கவே குலுங்காது, பாருங்க," என்று தனசேகரன் தன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். முதல் இரண்டு ஸ்டட்டுகளும் குலுக்கவில்லை. மூன்றாவதை நெருங்கும்போது முன்சக்கரம் பூசணிச் சதையில் ஏறியது. ஸ்கூட்டர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகப் போனார்கள். வாய் போய் மூன்றாவது ஸ்டட்டில் இறங்கியது.

முன்பல் இரண்டு காணோம். விழாவுக்கு வந்த கூட்டம் முழுக்க டார்ச் லைட்டை அடித்துக்கொண்டு ரோட்டில் பல்லைத் தேடியது. எங்கே வெளிச்சம் அடித்தாலும் ஏதோ ஒன்று மின்னியது. "தோ, கெடக்குது பல்லு!" என்று ஒருத்தர் குனிவார், அது ஸ்டட்டாக இருக்கும். "தோ, இங்க ஒண்ணு!" என்று இன்னொருத்தர் ஓடுவார், அதுவும் ஸ்டட். அறுபதையும் பார்த்து முடித்தார்கள். பல் கடைசி வரை கிடைக்கவில்லை. அறுபது ஸ்டட்டுக்கும் பெயர் கிடைத்துவிட்டது.

தனசேகரன் பாண்டிச்சேரிக்குப் போய்ப் பல் கட்டிக்கொண்டு பத்து நாளில் திரும்பி வந்தார். புதுப் பல் இரண்டும் மற்றதையெல்லாம் விட நல்ல வெள்ளை. அதற்குள் அவலூர்பேட்டை சந்தை வரைக்கும் 'இன்ஜினியர் பல்லு' பரவியிருந்தது. அது காதில் விழாத ஆள் செஞ்சி வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான். அவரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மார்கழி பிறந்ததும் கோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சாலைப் பொருள்களை இனி ஆங்கிலப் பெயரில் கோப்புகளில் குறிக்கக் கூடாது, மக்கள் வழக்கில் உள்ள தமிழ்ப் பெயரையே ஆள வேண்டும், பெயரை அதிகாரிகள் தாமாகக் கற்பிக்கக் கூடாது, பொருள் ஒன்றுக்கு நூறு பேரைக் கேட்டு இணைப்பில் கண்ட படிவத்தில் ஒப்பமோ கைரேகையோ பெற்று அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. செஞ்சியின் பங்குக்கு வந்த பொருள் ரோடு ஸ்டட்.

தனசேகரனுக்கு ஒரே சந்தோஷம். கூடத்துக்கே எழுந்து வந்துவிட்டார்.

"நம்ம ஜனங்க கற்பனையிலே கெட்டிக்காரங்க. பூனைக்கண்ணும்பாங்க, இல்ல மின்மினிம்பாங்க. யாராவது போய்க் கேட்டு எழுதிட்டு வாங்க."

டைப் மிஷின் சத்தம் நின்றது. பியூன் கோந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். ராமகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார்.

"நம்ம தைலம்மா போவட்டும் சார். ஜனங்களாண்ட பேச அவங்களுக்குத்தான் வரும்."

எந்த ஜனங்கள் என்று அவர் சொல்லவில்லை. தைலம்மாளும் கேட்கவில்லை. நூறு படிவத்தையும் மை டப்பாவையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஜகபர் அலியைப் பிடித்தாள். திருவண்ணாமலை ரூட்டில் பதினைந்து வருஷமாக ஓடுகிறவர். படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாத்துக்கும்மா ஃபாரம்? கண்ண மூடிக்கினு எழுதிக்கினே போ. பஸ்ல ஏறுற ஜனம் 'பல்லு ஒண்ணு, பல்லு ரெண்டு'ன்னுதான் டிக்கெட்டே கேக்குது. நானும் பல்லு வந்துட்டா விசில் குடுத்துருவேன்."

"எங்க சாருக்குத் தெரியாதுண்ணே."

"நெசமாவா?" ஜகபர் அலி பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "அந்தாளு அன்னிக்கி நம்ம பஸ்ல வந்தாரும்மா. நான் 'பல்லு எறங்கு'ன்னு கத்துனேன். சிரிச்சிக்கினே எறங்கிப் போனாரு. யாரோ பல்லு டாக்டர் அங்க கட போட்டுட்டாருன்னு நெனச்சிருப்பாரு." சொல்லிவிட்டு, குண்டு குண்டாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வளைவில் புளியமரத்தடியில் மெஹபூப் பீ போண்டா கடை போட்டிருந்தாள். ஐம்பது வயதுக்காரி. சாலை ஊழியர்கள் டீ குடிப்பது அங்கேதான்.

"நா சொன்னேன்னு போடாத கண்ணு. அவுரு நல்ல மனுசன். நம்ம கடைக்கி வந்து போறவரு. மூக்குத்தின்னு எழுதிக்கோ. மின்னுதில்ல, மூக்குத்தி மாதிரி? அப்டியே எழுதிக்கோ."

தைலம்மாள் மூக்குத்தி என்று எழுதினாள். கட்டை விரலில் மையைத் தடவும்போது ரோட்டுக்கு எதிர்ப்புறம் இருந்து தளவானூர் ஆள் ஒருவன் கத்தினான். "பாயம்மா, நாலு போண்டா சீக்கிரம் கட்டு, பஸ்ஸு பல்லாண்ட வந்துட்டுது!"

மெஹபூப் பீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரித்த கையோடு ரேகையும் வைத்தாள். அந்த ரேகை படிவத்தில் இழுவிக்கொண்டுதான் விழுந்தது.

மூன்று நாள் அலைந்தாள். ஒரு கட்சிக்காரர் தங்கள் தலைவரின் கண் என்று எழுதச் சொன்னார். எதிர்க்கட்சிக்காரர் அதைக் கேள்விப்பட்டுத் தேடி வந்து தங்கள் தலைவரின் கண் என்று எழுத வைத்தார். லாரி டிரைவர்கள் ஒன்பது பேர் பூனைக்கண் என்றார்கள், அவர்கள் வெளியூர். நாலு பேர் அது இன்னாது என்று அவளையே திருப்பிக் கேட்டார்கள். மூக்குத்தி ஒன்று. மீதி எண்பத்து நாலு படிவத்திலும் இன்ஜினியர் பல்லு. கடைசிப் படிவம் தொண்டூரில் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நைனா ரேகை வைத்தது.

படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு தனசேகரன் அறைக்குள் போனாள். அவர் முதல் படிவத்தைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். பிறகு சீட்டுக் கட்டைப் பிரிக்கிற மாதிரி நடுவில் பிரித்துப் பார்த்தார். அடியிலிருந்து ஒன்றை உருவிப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"விழா நடந்த அன்னிலேந்து சார்."

"ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க ஊர்லயும் இப்படித்தானா?"

"எங்க நைனாவும் அப்டித்தான் சொல்லுது சார்."

"நீங்க?"

"நான் ஸ்டட்டுன்னுதான் எழுதுறேன் சார்."

"எழுதறதைக் கேக்கலைம்மா."

மேலே மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கோபப்படுவார் என்றுதான் நினைத்து வந்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். ஐந்து மாதமாக ஊரில் யார் யார் தன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அதில் எத்தனை பேருக்குப் பதிலுக்குச் சிரித்தோம் என்று அந்த மனிதர் கணக்குப் பார்க்கிறார் என்று அவளுக்குப் பட்டது. பாவமாக இருந்தது. திட்டியிருந்தால் தேவலை.

அவர் பாவப்பட்டவராகவே இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ராமகிருஷ்ணன் உள்ளே போனார். அரை மணி நேரம் கதவு சாத்தியிருந்தது. வெளியே வரும்போது அவர் கையில் நூறு புதுப் படிவமும் ஒரு துண்டுச் சீட்டும் இருந்தன. சீட்டில் 'இரவொளிர் எதிரொளிப்புச் சாலைக் குமிழ்' என்று தனசேகரன் கையெழுத்தில் இருந்தது.

"மக்கள் வழக்கு இதுதான்," என்றார் ராமகிருஷ்ணன். "எல்லாரும் வந்து ரேகை வைங்க."

ஆபீஸில் ஆறு பேர். ஆளுக்குப் பத்து விரல் என்றால் அறுபது. பியூன் கணக்குப் போட்டுப் பார்த்து, மீதி நாற்பதுக்குக் கால் விரல் ஆகுமா என்று கேட்டான். ராமகிருஷ்ணன் சுற்றறிக்கையை எடுத்துப் படித்தார். அதில் கைரேகை என்று இருந்ததே தவிர, கால் கூடாது என்று எங்கேயும் இல்லை. வாட்ச்மேன் வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"வாம்மா, உன் கட்டவெரலக் குடு."

"நான் கையெழுத்து போடுறவ சார்."

"தெரியும்மா. சும்மா வெக்கிறதுதானே? உங்க வீட்ல வெக்காததா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தைலம்மாளுக்கு முகம் சுட்டது. ரேஷன் கடையிலிருந்து வரும்போதெல்லாம் நைனா நீலக் கட்டை விரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டே வருவார். பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, சிலேட்டில் அவர் பேரை எழுதக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். "எனக்கு எதுக்கு, நீ எழுது," என்று கையை உருவிக்கொண்டார்.

"எங்க வீட்ல வெச்சது போதும் சார்," என்றாள்.

தன் மேசைக்குத் திரும்பினாள். திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்த உண்மையான படிவக் கட்டை எடுத்தாள், நூல் கோத்துக் கட்டினாள், தபால் பதிவேட்டில் எண் போட்டாள், உறையில் வைத்து ஒட்டினாள். எண் ஏறிவிட்ட தபாலை எடுத்துக் கிழிக்க அந்த ஆபீஸில் யாருக்கும் தைரியம் கிடையாது. ராமகிருஷ்ணனுக்கே கிடையாது. தனசேகரன் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் கை நின்றிருக்கும். சொல்லவில்லை.

சாயங்காலத் தபாலில் இரண்டு உறைகளும் ஒன்றாகப் போயின.

ஒரு மாதம் கழித்துக் கோட்ட அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. செஞ்சியிலிருந்து 'சாலைக் குமிழ்' என்றும் 'இன்ஜினியர் பல்லு' என்றும் இரண்டு பொருள்கள் தெரிவிக்கப்பட்டுள்ளன. குமிழ் அறுபது வழங்கப்பட்டதற்குப் பதிவு உள்ளது. பல்லு எந்த ஆண்டு, எந்தத் திட்டத்தில், யாருடைய அனுமதியின் பேரில் பதிக்கப்பட்டது? கோட்டப் பொறியாளர் நேரில் வந்து பார்வையிடுவார்.

அவர் மாசி மாதம் ஒரு முற்பகலில் ஜீப்பில் வந்தார். நெற்றி நிறைய விபூதி, எந்நேரமும் மடியாத சட்டை, சிரிக்கவே தெரியாத முகம். வழியில் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினியர் பல்லு எங்கே என்று டிரைவரை விட்டுக் கேட்டிருக்கிறார். பத்து பேர் கை காட்டியிருக்கிறார்கள். இரண்டு பேர் வழி காட்ட ஜீப்பிலேயே ஏறிக்கொண்டார்கள். அதனால் தனசேகரனும் ராமகிருஷ்ணனும் தைலம்மாளும் வளைவுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே அவர் அங்கே குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்று இருந்தது. மீதி பத்தொன்பதில் பாதியை லாரிச் சக்கரம் பெயர்த்திருந்தது. பாதி பீர் முகமது சைக்கிள் கடையில் பின் மட்கார்டுகளில் மின்னியது.

"இதுதான் பல்லா?"

"இதுதான் குமிழ் சார்," என்றார் தனசேகரன்.

"பல்லுதாங்க," என்றார்கள் ஜீப்பில் வந்த இருவரும்.

கோட்டப் பொறியாளர் கைப்பையிலிருந்து குமிழ்ப் படிவங்களை எடுத்து ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடித்தார். "இந்த ஊர்ல மனுஷனுக்குக் கட்டை விரல் இவ்வளவு பெரிசா இருக்குமா?" ராமகிருஷ்ணன் மலையைப் பார்த்தார். அந்தக் கட்டு ஜீப்பின் பின் சீட்டுக்குப் போனது.

அடுத்து மற்ற கட்டைப் பிரித்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். கையெழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். "இதை யார் எடுத்தது?"

"நான்தான் சார்."

"ஒழுங்கா இருக்கு." அவ்வளவுதான் சொன்னார். பிறகு தனசேகரன் பக்கம் திரும்பினார். "பல் அருமையான சொல். நம்ம பழைய பாட்டுலயெல்லாம் வருது. இதுல என்ன ஆட்சேபணை உங்களுக்கு?"

"சார், அது..." தனசேகரன் திணறினார். "அது என்னைக் குறிக்குது சார்."

"எது?"

"இன்ஜினியர்ங்கறது."

கோட்டப் பொறியாளர் தலையை ஆட்டினார். "சரியாச் சொன்னீங்க. அங்கதான் இடிக்குது. இன்ஜினியர் ஆங்கிலம். சுற்றறிக்கைக்கு விரோதம்."

"பொறியாளர்னு மாத்திடலாம் சார்," என்றார் ராமகிருஷ்ணன், மலையிலிருந்து கண்ணைத் திருப்பி.

"மாத்துங்க. பல்லுவில அந்த உகரமும் கொச்சை. பொறியாளர் பல். நல்லா இருக்கு."

"சார், ஜனங்க என்னை வெச்சு..."

"பொறியாளர்ங்கறது பதவி, தனி ஆள் இல்லை. நாளைக்கு உங்களை மாத்திட்டா நீங்க போயிடுவீங்க. பல் இங்கதான் இருக்கும்."

தைலம்மாள் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதும்போது உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பங்குனியில் உத்தரவு வந்தது. வளைவின் இரண்டு முனையிலும் மஞ்சள் பலகை நட்டார்கள். 'பொறியாளர் பல் உள்ள பகுதி. மெதுவாகச் செல்லவும்.' அன்றைக்குத் தனசேகரன் லீவு போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தவர்களுக்குப் பொறியாளர் யாரென்று விளங்கவில்லை. எண்ணெயில் எதையாவது பொரிப்பவராக இருக்குமோ என்று மெஹபூப் பீ தன் கடையையே ஒருமுறை சந்தேகமாகப் பார்த்துக்கொண்டாள். சர்க்காரே எழுதி வைத்துவிட்ட பேரைச் சொல்லிச் சிரிப்பதிலும் பழைய ருசி இல்லை. சித்திரை முடிவதற்குள் ஜனங்கள் "போர்டு ஒண்ணு, போர்டு ரெண்டு" என்று டிக்கெட் கேட்க ஆரம்பித்தார்கள். ஊரில் எங்கேயும் பல் என்ற பேச்சே இல்லை. அரசாங்கக் கோப்புகளில் மட்டும்தான் இருந்தது.

வைகாசியில் பெயர்ந்துபோன பத்தொன்பதுக்குப் பதில் கேட்டு எழுத வேண்டி வந்தது. தைலம்மாள்தான் எழுதினாள். 'பொறியாளர் பல்: வழங்கப்பட்டவை 60, இருப்பு 41, விழுந்தவை 19. மாற்றுப் பற்கள் 19 அனுப்பி உதவக் கோரப்படுகிறது.' தனசேகரன் ஒரு பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டார்.

பதில் இரண்டே வாரத்தில் கணக்குப் பிரிவிலிருந்து வந்தது. அவர் தன் அறையில் அதை ஒருமுறை படித்தார். எழுந்து கூடத்துக்கு வந்தார். தைலம்மாள் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அப்படி அவர் உட்கார்ந்ததை அந்த ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை.

"படிங்க," என்றார்.

'பல் கட்டும் செலவு மருத்துவத் தலைப்பில் வரும். உரிய பல் மருத்துவரின் சான்றிதழோடு மீண்டும் விண்ணப்பிக்கவும். ஒரே அலுவலருக்கு அறுபது பற்கள் முன்னர் வழங்கப்பட்டதன் காரணத்தையும், அவற்றில் பத்தொன்பது விழுந்த சூழ்நிலையையும் விளக்குக.'

தைலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். தனசேகரனின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முதலில் அழுகிறாரோ என்று பயந்துபோனாள். அடுத்த நிமிஷம் அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவளாலும் அடக்க முடியவில்லை. பக்கத்து அறையிலிருந்து ராமகிருஷ்ணன் கையில் தண்ணீர்த் தம்ளரோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"என்ன எழுதலாம்? நீங்களே சொல்லுங்க," என்றார் அவர், கண்ணைத் துடைத்தபடி.

தைலம்மாள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கார்பன் வைத்து, எழுதத் தொடங்கினாள். 'மேற்படிப் பற்கள் அலுவலருடையவை அல்ல, சாலையினுடையவை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"பணிவுடன் வேணாம்," என்றார் தனசேகரன். "அதை மட்டும் எடுத்துடுங்க."